கல்லாறு தாண்டினால் கைவேலைதான்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, என்ஜின் பின்னால் நிற்பதுதான். குன்னூர் வரை அது பெட்டிகளை இழுப்பதில்லை. கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறும் இந்த 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். சுற்றுலாப் பலகைகள் சொல்லும் எண்கள் இவை. இத்தனையையும் தினமும் பார்த்துப் பராமரிப்பவர்களைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்து ஆளான எனக்கு இந்தத் தடத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. எங்கள் கரிசலைக் கடக்கும் மதுரை–தூத்துக்குடித் தடமும் ஒருகாலத்தில் இதைப்போலவே, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் கேஜ்தான். அகலப்பாதை வந்தது, ஊருக்கு நல்லதே நடந்தது. இன்று தெற்கு ரயில்வேயில் மீட்டர் கேஜில் ஓடுவது இந்த மலை ரயில் மட்டுமே. ஆகவே இதற்கான உதிரிபாகத்தை வேறு தடத்திலிருந்து கழற்றி வர முடியாது, கடையிலும் கிடைக்காது. செய்துதான் ஆகவேண்டும்.

கல்லாறு நிலையம் வரை ஏறக்குறைய சமதளம். அதைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு அருகருகே தொடங்குகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். என்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போதே அடுத்ததைப் பற்றியிருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது. சட்டம் தொடங்கும் முதல் துண்டு ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. பல்லோடு பல் மோதினாலும் அமிழ்ந்துகொடுத்துக் கோத்துக்கொள்ளும். இங்கிருந்து குன்னூர் வரை, செங்குத்தான இடங்களில் 12 அடி போனால் 1 அடி ஏறவேண்டும். வேகமோ மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. சட்டத்தின் ஒரு போல்ட் தளர்ந்தாலும், ஒரு பல் தேய்ந்தாலும் ஆபத்து. தடத்தை நடந்தே பார்க்கும் கீமேனின் கண்ணும் ஸ்பேனருமே இதற்குக் காவல்.

பெட்டிகளின் முன்மேடையில் பிரேக்ஸ்மேன்கள் நிற்கிறார்கள். என்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு வழி தெரியாது. முன்பெட்டிக்காரர் காட்டும் கொடி பெட்டிக்குப் பெட்டி கைமாறி அவரை அடைகிறது. சக்கரத்தைப் பிடிக்க ஒரு பிரேக், பல்லைப் பிடிக்க ஒரு பிரேக். எப்போது எதை எவ்வளவு இறுக்குவது என்பதைப் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியை மூத்தவர் பக்கத்தில் நின்று படிக்கவேண்டும்.

ஹில்குரோவ், ரன்னிமேடு வழியாக ஏறும்போது மலை நெருக்குகிறது. கரிசலில் ஐப்பசி மழைக்கு வானம் பார்த்துக் கிடப்போம்; இங்கே அதே மழைக்குப் பயப்படுகிறார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழை தடத்தைப் பல இடங்களில் அரித்துச் சாய்த்தது, சேவை நின்றுபோனது. பெரும்பாலான வடகிழக்குப் பருவங்களில் எங்காவது மண் சரிகிறது, பாறை உருள்கிறது, மரம் விழுகிறது. அவற்றை அகற்றி ஜல்லி கொட்டிச் சரிசெய்த பிறகே வண்டி ஏறும்.

1899இல் திறந்தபோது தடம் குன்னூரோடு நின்றது. அங்குள்ள லோகோ ஷெட்தான் நீராவி என்ஜின்களின் வீடு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை என்ஜின்களுக்கு நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. ஏற்றத்தில், முதல் இரண்டில் வேலைசெய்த நீராவியே மற்ற இரண்டையும் ஓட்டுகிறது. அவை முதுமையடைந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனை புதியவற்றையே கட்டிக் கொடுத்தது. 2011 முதல் எண்ணெயில் ஓடுபவை வந்தன. 2021இல் நிலக்கரியில் ஓடும் என்ஜினும் வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தொழில் நம் ஃபிட்டர் கையில் ஏறிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்படியொரு ரயிலைக் காப்பதில் ஊழியர் அல்லாதவர்களுக்கும் பங்கு உண்டா? பிரிட்டனின் வேல்ஸில் டாலிலின் என்ற சிறு ரயிலை 1951 முதல் பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். உலகில் அப்படிக் காக்கப்பட்ட முதல் ரயில் அது. பயிற்சிபெற்ற பொதுமக்களே டிக்கெட் கொடுக்கிறார்கள், களை வெட்டுகிறார்கள், என்ஜினும் ஓட்டுகிறார்கள். நம் மலைச்சரிவில் பிரேக்கைப் பகுதிநேர ஆர்வலரிடம் கொடுக்கச் சொல்லமாட்டேன். அது ரயில்வே ஊழியரின் முழுநேரத் தொழில், அப்படியே இருக்கவேண்டும். ஆனால் ஆர்வலருக்கும் இடம் இருக்கிறது. ஊட்டியிலுள்ள ஹெரிடேஜ் ஸ்டீம் சேரியட் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இந்த ரயிலுக்காக ஏற்கெனவே குரல்கொடுத்து வருகின்றன.

குன்னூருக்கு மேல் பல்சட்டம் இல்லை. டீசல் என்ஜின் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக, 1908இல் நீட்டிய தடத்தில், பெட்டிகளை ஊட்டிக்குக் கொண்டுசேர்க்கிறது. 2005இல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியத் தகுதி, இரும்பையும் கல்லையும் போலவே கைப்பழக்கத்துக்கும் சேரவேண்டும். ஓய்வுபெற்ற பிரேக்ஸ்மேன், கீமேன், ஃபிட்டர் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, அவர்கள் கையறிந்ததைப் பேசவைத்துப் பதிவுசெய்து, அடுத்து வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சேர்க்கவேண்டும். ரயில்வே கதவைத் திறந்தால் நம் கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது. அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே தொடங்கவேண்டும்.