கல்கத்தா என்று பேர் வைத்த தாளம்

1958 ஜூலையிலும் ஆகஸ்டிலும் நியூயார்க்கில் பதிவான ஓர் இசைத்தட்டில் சென்னை இருக்கிறதா, இல்லையா? கொஞ்ச காலமாகவே இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. தட்டின் பெயர் ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’. வாசித்தது டேவ் புரூபெக்கின் நால்வர் குழு. மொத்தம் ஆறு உருப்படி. கடைசி உருப்படியின் பெயர் ‘கல்கத்தா புளூஸ்’. பத்து நிமிடத்தைத் தொடும் அதில் டிரம்மர் ஜோ மொரெல்லோ குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கிறார். ஜாஸ் கேட்டுப் பழகாத நம்மூர்க் காது அந்த இடத்தில் சட்டென்று விழித்துக்கொள்ளும். அந்த விரல்களுக்கு வாத்தியார் யார்?

புரூபெக்கை நீங்கள் பெயர் தெரியாமலே கேட்டிருக்கலாம். ‘டேக் ஃபைவ்’ என்ற ஐந்தெண்ணிக்கை மெட்டு உலகம் முழுக்க ஹோட்டல் லாபிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். அது 1959. அதற்கு முந்தின வருடம்தான் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தக் குழுவை மாதக்கணக்கில் ஊர் ஊராக அனுப்பியது. பனிப்போர் காலம். ரஷ்யா பாலே ஆடுபவர்களை அனுப்ப, அமெரிக்கா ஜாஸ்காரர்களை அனுப்பியது. 1956-இல் டிஸ்ஸி கில்லெஸ்பி தொடங்கி வைத்த வரிசை அது. போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக். இந்தியாவில் ராஜ்கோட், பம்பாய், தில்லி, ஹைதராபாத், கல்கத்தா. கூடவே சென்னை.

நான் பம்மல்வாசி. பம்மல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கமல் படம் ஞாபகம் வரும். நாடகம் தெரிந்தவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார். எங்களுக்கோ பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, விமானம் கடந்து போகும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் ஊர் அடையாளம். ஓடுபாதை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். புரூபெக் குழு சென்னைக்கு விமானத்தில் வந்திருந்தால் மீனம்பாக்கத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும், வேறு வழியில்லை. டபுள்பேஸ் வாத்தியத்தை இறக்கிவைக்க எத்தனை பேர் கை கொடுத்தார்களோ. ஊர்ப்பாசம் ஆராய்ச்சிக்கு ஆகாது என்று சொல்வார்கள். இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது அந்த ஊர்ப்பாசம்தான், ஒளிப்பதற்கில்லை.

இந்தத் தட்டு எப்படி உருவானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். புரூபெக் கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். குதிரையின் குளம்படிக்கும் தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் தட்டலுக்கும் எதிர்த்தாளம் போட்டுப் பழகியதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியஸ் மியோவிடம் படித்தார். எந்த ஊருக்குப் போனாலும் காதைத் திறந்து வைத்துக்கொள் என்பது அந்த வாத்தியார் கொடுத்த பாடம். சிஷ்யன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காபூலில் கேட்ட நாடோடிகளின் முரசு ‘நோமட்’ ஆனது. துருக்கியில் ‘மிக்க நன்றி’ என்று சொல்லும் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தையே தாளமாக எடுத்து ‘த கோல்டன் ஹார்ன்’ செய்தார். போலந்தில் ஷோபின் நினைவில் ஒன்று, அதன் பெயரும் நன்றிதான். பெர்லினுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று. ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள்ளேயே ஜூலை 28, 30, ஆகஸ்டு 23 ஆகிய மூன்று நாட்களில் பதிவு முடிந்தது. இதில் ஒரு வினோதம் உண்டு. பயணம் முழுக்கக் கூட வந்த பேஸ் கலைஞர் யூஜின் ரைட் இந்தத் தட்டில் இல்லை. பேஸ் வாசித்திருப்பவர் ஜோ பெஞ்சமின். அதாவது, ஞாபகங்களைப் பதிவு செய்ய உட்கார்ந்த நால்வரில் ஒருவருக்கு அந்த ஞாபகங்களே கிடையாது.

சென்னைக்கு உருப்படி இல்லை. ஆனால் மொரெல்லோவுக்குச் சென்னையில் கிடைத்த ஆள் சாதாரண ஆள் இல்லை. பழனி சுப்ரமணிய பிள்ளை.

கர்நாடக சங்கீதத்தில் பழனி என்ற பெயரைச் சொன்னால் மிருதங்கக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை பரம்பரை. தந்தை முத்தையா பிள்ளையிடமே பாடம். இடக்கைக்காரர். எல்லோரும் வலக்கையால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்தை இவர் இடக்கையால் வாசித்தார், வலக்கை மறுபக்கமான தொப்பியில். மேடையில் பாடகருக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்பதே சிக்கலாகி, அதற்காகவே இவரைத் தவிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் தொப்பியிலிருந்து வந்த கும்கிக்காகவே கச்சேரிக்குப் போனவர்களும் இருந்தார்கள். கும்கி என்பது மணிக்கட்டின் அடிப்பகுதியால் தொப்பித் தோலை அழுத்தி நகர்த்தும்போது, அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல வளைந்து வரும் நாதம். லலிதாராம் இவரைப் பற்றி எழுதிய ‘துருவ நட்சத்திரம்’ தமிழில் ஓர் இசைக் கலைஞருக்கு எழுதப்பட்ட நல்ல வாழ்க்கை வரலாறுகளில் ஒன்று.

மொரெல்லோவும் லேசுப்பட்டவர் இல்லை. பிறவியிலேயே கண்பார்வை மங்கல், தடித்த கண்ணாடி. ஒன்பது வயதில் பாஸ்டன் சிம்பனியோடு மெண்டல்சன் வயலின் கான்செர்ட்டோ வாசித்த பையன். பிறகு வயலின் மேதை ஹைஃபெட்ஸின் வாசிப்பைக் கேட்டு, இந்த உயரத்துக்கு நம்மால் முடியாது என்று வயலினை விட்டு டிரம்ஸுக்கு வந்தவர். காதை நம்பியே வாழ்ந்த மனிதர். 1958-இல் அவருக்கு முப்பது, பழனிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. இருவரும் சென்னையில் சந்தித்தார்கள், சேர்ந்தும் வாசித்தார்கள். அப்படியிருக்க, அந்தத் தட்டில் விரல்கள் பேசும் உருப்படிக்கு மட்டும் கல்கத்தா என்று எப்படிப் பேர் வந்தது?

தட்டைக் கையில் வைத்துப் பார்க்க ஆசை. பம்மலில் இருந்துகொண்டு பழைய பொருள் தேடுகிறவனுக்குப் போக்கிடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான். செடி, புறா, கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர், கதவு, காலொடிந்த நாற்காலி என்று எல்லாம் வெயிலில் பரப்பியிருப்பார்கள். ரெக்கார்டு விற்பவரிடம் ஜாஸ் இருக்கிறதா என்று கேட்டேன். “இங்கிலீஷ் பாட்டுதானே சார்? இருக்குது, இருக்குது” என்று அடுக்குக்கு அடியிலிருந்து போனி எம் எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். வெட்டரன் லைன்ஸ் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். ஒரு காலத்தில் ஹோட்டல் பேண்டுகளில் டிரம்ஸ் வாசித்தவராம்.

“அங்கிள், கல்கத்தா புளூஸ் கேட்டிருக்கீங்களா?” என்றேன்.

“மொரெல்லோவா? நாங்கல்லாம் அந்தாளைக் கேட்டுக் கேட்டுத்தான்ப்பா கத்துக்கிட்டோம்” என்றவர், விற்பனைக்கு வைத்திருந்த பழைய சூட்கேஸ் மூடியைப் பக்கத்தில் இழுத்தார். நான்கு விரல்களைத் தளர்த்தி விளிம்பில் உருட்டி, கட்டை விரலால் நடுவில் ஒரு தட்டு. “ஸ்னேர்ல கை வச்சு வாசிக்கிறதுன்னா கீழ இருக்கிற கம்பியை முதல்ல லூஸ் பண்ணிடணும். இல்லேன்னா பட்ட எடமெல்லாம் கரகரன்னு கத்தும். டாம்ல அந்தத் தொல்லை இல்ல.” கடைக்காரர் சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பழனி கதையைச் சொன்னேன். பெரியவர் மசியவில்லை. “கையால வாசிக்கிறதுக்கு மெட்ராஸ் வரணுமா என்ன? ஜோ ஜோன்ஸ் அதுக்கு முன்னாடியே வெறுங்கையில வாசிச்சவன். க்யூபாக்காரன் சானோ போஸோ காங்கா வாசிச்சதை நியூயார்க்ல கேக்காத டிரம்மரே கிடையாது.”

அவர் சொன்னது சரி. போஸோ 1947-இலேயே டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவில் சேர்ந்துவிட்டார். மொரெல்லோவின் விரல்களுக்கு உரிமை கொண்டாட ஹவானாவும் வரிசையில் நிற்கிறது. பம்பாயும் நிற்கும்: அங்கே புரூபெக் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானைச் சந்தித்து வாசித்தார். வட இந்தியா என்றால் காதில் விழுவது தபலா.

ஊர்ப்பெயரை நம்பலாமா என்ற இடத்தில் எனக்கு வழி காட்டியவர் இன்னொரு ஜாஸ் மேதை, டியூக் எல்லிங்டன். 1963-இல் அவரும் இதே வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் இந்தப் பக்கம் வந்தார். தில்லியில் உடம்புக்கு முடியாமல் படுத்தார். நவம்பரில் துருக்கியில் இருந்தபோது கென்னடி கொல்லப்பட்ட செய்தி வர, பயணம் பாதியில் நின்றது. புரூபெக்கைப் போல அவர் அவசரப்படவில்லை. கேட்டதெல்லாம் உள்ளே ஊறட்டும் என்று விட்டுவிட்டு, 1966 டிசம்பரில்தான் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ பதிவு செய்தார். தில்லியில் கூவிய மைனாவின் குரல் அதில் கிளாரினெட்டாக வருகிறது. ஆனால் அந்தத் தட்டிலேயே அழகானது என்று எல்லோரும் கொண்டாடும் ‘இஸ்ஃபஹான்’ இருக்கிறதே, அதற்கும் ஈரானிய நகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லிங்டனின் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்ன் அதைப் பயணம் கிளம்புவதற்கு முன்பே ‘எல்ஃப்’ என்ற பெயரில் எழுதிவிட்டார். ஊரைப் பார்ப்பதற்கு முன் பிறந்த மெட்டுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரை மாட்டினார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குக் ‘கல்கத்தா’ என்ற சொல் தட்டின் அட்டையில் இருக்கும் ஒரு லேபிளாகத்தான் தெரிகிறது. புரூபெக்கின் இன்னோர் உருப்படியான ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’கில் வருவது துருக்கித் தெரு இசைக்கலைஞர்களிடம் கேட்ட ஒன்பதெண்ணிக்கை என்று அவரே சொல்லியிருக்கிறார், அங்கே ஊரும் தாளமும் ஒன்று. இங்கே அப்படியில்லை. பயணத்தின் பல ஊர்கள் ஒரே உருப்படிக்குள் கரைந்திருக்கின்றன. அமெரிக்க விற்பனைக்குச் சென்னையைவிடக் கல்கத்தா எடுப்பான பெயர் என்று ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. மிருதங்கம் தெரிந்த காது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் போய், எதையும் சொல்லாமல் போனிலேயே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். பியானோ ஒரே இடத்தில் சுருதிபோல நிற்க, டெஸ்மண்டின் சாக்ஸபோன் அதன்மேல் இழைந்து போனது. விரல்கள் நுழைந்த இடத்தில் வாத்தியாரின் கை தொடையில் எண்ணத் தொடங்கியது. பாதியில் விமானம் வந்தது. நிறுத்தி, அது போனதும் மறுபடி போட்டோம்.

முடிந்ததும் அவர் சொன்னது: “கை இருக்கு சார். சொல் இல்லை.”

விளக்கச் சொன்னேன். “நம்ம ஆளுக்கு ஒவ்வொரு அடிக்கும் பின்னாடி தகதிமின்னு ஒரு சொல் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சொல்தான் விரலை நடத்தும். இவர் சத்தத்தைப் பிடிச்சிட்டார், பேச்சைப் பிடிக்கலை. தீர்மானம், அதான் முடிப்பு, வரும் வரும்னு பார்த்தேன், சுத்திச் சுத்திப் போறார். ஆனா சும்மா சொல்லக் கூடாது, தோலை மதிச்சுத் தொடறார். குச்சிக்காரன் கை மாதிரி இல்லை. யாரையோ பக்கத்துல உக்காந்து பாத்திருக்கார்.”

அப்போதுதான் பழனி பெயரைச் சொன்னேன். வாத்தியார் காதுமடலைத் தொட்டுக்கொண்டார். “அப்படிப் போடுங்க” என்றார். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தால் சொல் வந்துவிடுமா, அதற்குப் பத்து வருடம் வேண்டாமா என்று அவரே தொடர்ந்தார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சந்திப்பில் சொல்லை வாங்கிக்கொண்டு போக முடியாது. தோலில் நேராகக் கை வைக்கும் ஆசையைக் கொண்டு போகலாம். மொரெல்லோ அதைக் கொண்டு போயிருக்கிறார். ஹவானாவில் முளைத்திருந்த ஆசைக்குச் சென்னையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

சொல்லும் பின்னால் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது, வேறு வழியில். பழனி 1962-இல் காலமானார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நாம் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து இந்திய இசைப் பாடத்தைத் தொடங்கினார். அங்கே தாளம் கற்ற மேற்கத்திய மாணவர்கள் தகதிமி சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

வெட்டரன் லைன்ஸ் பெரியவரின் க்யூபா வாதத்தையும் வாத்தியாரிடம் சொல்லி வைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தப் பெரியவரை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. குச்சி வேண்டாம், வெறுங்கையோட வரச் சொல்லுங்க” என்றார்.