பேரிக்காய்ப் பை

தமிழில் பை என்பது மளிகை சுமப்பது. ஆங்கிலத்தில் பை என்பது பழத்தையோ இறைச்சியையோ மாவுக் கூட்டினுள் பொதிந்து சுட்ட பண்டம். முற்காலத்து ஆங்கிலேயர் அக்கூட்டைக் 'காஃபின்' என வழங்கினர். பெட்டி என்பதே அன்று அச்சொல்லின் பொருள். சவப்பெட்டியைச் சுட்டியது பின்னரே. சென்ற ஆண்டு யான் சுட்ட பைக்கோ அப்பிற்காலப் பொருளே பொருந்துவதாயிற்று.

எங்கள் ஊர் கோடைக்கானல். எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகையில் காய்கனிகளோடும் கோழிகளோடும் என் பாட்டியார் சுடும் பேரிக்காய்ப் பையும் ஆண்டுதோறும் ஏலம் போகும். சென்ற ஆண்டு அவருக்குக் கைநடுக்கம் மிகுந்தது. "நீ சுடு தம்பி, நான் பக்கத்தில் இருந்து சொல்லுகிறேன்" என்றார். சொன்ன வண்ணமே செய்தேன். கொல்லைப்புறத்துச் செங்கல்லடுப்பு மழையில் இடிந்துபோனமையால், புதிதாய் வாங்கிய மின்சார அவனில் வைத்தேன். (அவன் என்றால் படர்க்கை ஆண்பால் என்றே பயின்ற எனக்கு இச்சொல்லை எழுத இன்னும் கை கூசுகின்றது.) மேலோடு பொன்னிறமாய் எழும்பிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல விலைக்கு ஏலம் எடுத்தார்.

மறுநாள் மாலை எங்கள் பீங்கான் தட்டு திரும்பி வந்தது. உடன் வந்த சீட்டில், சுவை மிக நன்று என்றிருந்தது. தட்டிலோ அடியோடு முழுவதும் வெளிறி, நனைந்து, பச்சை மாவாகவே ஒட்டிக்கிடந்தது. பாட்டியார் அதனை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "இனி நம் வீட்டுப் பை ஏலத்துக்கு வேண்டாம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவர் என்னைக் கடிந்திருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

அடியோடு ஏன் நனைகின்றது? சர்க்கரை பட்டவுடன் பழம் நீர் விடுகின்றது. மேலோட்டுக்கு வெப்பக் காற்று நேரே படுதலால் அது விரைவில் உலர்ந்து முறுகும். அடியோட்டுக்கோ தட்டு சூடேறிய பின்னரே வெப்பம் கிட்டும். அதற்குள் வெண்ணெய் உருகி, மாவு பழச்சாற்றைக் குடித்துவிடும். பீங்கான் மெல்லச் சூடேறுவது. தகரமோ விரைந்து சூடேறுவது. நம் மோதகத்துக்கு இத்தொல்லை இல்லை. மதுரைக்காஞ்சிக் காலந்தொட்டு நாம் அறிந்த அப்பண்டம் ஆவியில் வேவது. அதற்கு மென்மையே அழகு.

வெறுங்கூட்டில் காகிதம் விரித்து, உலர்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி முன்னதாகவே அரைவேக்காடாய்ச் சுட்டுக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. மேல்மூடி இல்லாத பைகளுக்கு அது சிறந்தது. யான் முயன்றபோது வெந்த விளிம்பில் பச்சை மூடி ஒட்டாது, சாறு வழிந்து அவன் முழுதும் கருகிற்று. வீட்டார் ஒரு வாரம் அதனைப் பேசினர்.

பின்னர் ஒருநாள் பாட்டியாரிடம், பழைய அடுப்பில் தட்டை எங்கே வைப்பீர்கள் என்று வினவினேன். "வேறெங்கே? தணலை வாரிவிட்டுத் தரையிலேதான்" என்றார். அப்பொழுதே விளங்கிற்று. இரண்டு மணி நேரம் நெருப்பு எரிந்த செங்கற்றரை, அவர் அறியாமலே அடியோட்டை முதலில் சுட்டுத் தந்திருக்கின்றது. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை; சொல்ல வேண்டியதென்று அவருக்கே தெரியாதிருந்தது. எனது அவனிலோ தட்டு கம்பிகளின்மீது அந்தரத்தில் நின்றது.

எனவே கனத்த இரும்புத் தோசைக்கல்லை அவனின் கீழ்த்தட்டில் வைத்து, 220 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் காயவிட்டேன். பழத்துண்டுகளைச் சர்க்கரையில் பிசிறி, இறங்கிய சாற்றை வடித்துச் சுண்டக் காய்ச்சி, சோளமாவு கூட்டி, நன்கு ஆறிய பின்னரே நிரப்பினேன். குளிர்ந்த மாவு, தகரத் தட்டு, ஆவி வெளியேற மேலோட்டில் நான்கு கீறல்கள். தோசைக்கல்லின்மேல் 20 நிமிடம். பின்னர் 190 பாகைக்குத் தணித்து, கீறல்களில் சாறு கெட்டியாய்க் கொதித்தெழும் வரை. வெட்டுமுன் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். சூட்டோடு வெட்டினால் சாறு இறுகாது அடியில் இறங்கிவிடும்.

பாட்டியார் ஒரு துண்டை எடுத்துத் தலைகீழாய்த் திருப்பி நகத்தால் தட்டினார். டக்கென்றது. உண்டார். "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார்.

இவ்வாண்டு ஏலத்திலும் அவ்வாசிரியரே எங்கள் பையை எடுத்தார். பணம் கொடுக்குமுன் தட்டைத் தூக்கி அடியைப் பார்க்க முயன்றார். தகரமாதலால் ஒன்றும் தெரியவில்லை.