கம்பியில் இரண்டு கோடு

தருமபுரிப் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர் அந்தப் பெரியவர். வயது 78. கேழ்வரகும் நிலக்கடலையும்தான் வெள்ளாமை. அப்பா பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, பிறகு அவர் பெயருக்கு மாறியது. தோட்டா போட்டுச் சுடுகிற துப்பாக்கி அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் வாய்ப்பக்கமாக மருந்தும் ரவைக்குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

கெட்டிப்பதை அப்பா திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதலில் விளக்கும் பீடியும் தள்ளிப் போக வேண்டும். மருந்தைக் குடுக்கையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றக் கூடாது. சின்ன அளவுக்குழாயில் எடுத்து, அதிலிருந்துதான் ஊற்ற வேண்டும். முந்தைய வெடியின் கனல் உள்ளே ஒரு பொட்டு இருந்தாலும் குடுக்கை கையிலேயே வெடித்துவிடும். மருந்தின் மேல் தேங்காய் நார். அதைக் கம்பியால் அழுத்தி, மருந்தோடு ஒட்டி உட்கார வைக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் வீங்கும், பிளந்தும் போகும். அதன் மேல் ரவை, ரவை உருண்டு வராமலிருக்க இன்னொரு நார். கேப்பைக் காட்டுக்குள் போன பிறகுதான் பொருத்த வேண்டும். இத்தனையிலும் முகம் குழல் வாய்க்கு நேரே வரவே கூடாது.

இதில் மோசமான எதிரி மறதி. கெட்டித்தாயிற்றா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. மறந்துபோய் இரண்டாம் முறை கெட்டித்தால் கையோ கண்ணோ போகும். அதற்காகவே கம்பியில் அரத்தால் இரண்டு கோடு கீறியிருந்தார் அப்பா. காலிக் குழல் என்றால் கம்பி மேல் கோடு வரை இறங்கும். கெட்டித்திருந்தால் கீழ்க் கோட்டிலேயே நின்றுவிடும்.

அந்தக் காலத்தில் வேட்டை என்றால் முயல், காடை, கவுதாரி. ஒரு வெடி போட்டு அடுத்ததைக் கெட்டிப்பதற்குள் மிச்சக் கவுதாரி எல்லாம் பறந்துவிடும். பழைய வேட்டைக்காரர்கள் மனம் வைத்துக் குறைவாகச் சுட்டார்கள் என்பார்கள். அந்தத் துப்பாக்கி அவ்வளவுதான் விட்டது. குழம்பில் ரவை பல்லில் கடிபடும், துப்பிவிட்டுச் சாப்பிடுவார்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் மூடியது. இன்று முயலைச் சுட்டாலும் வழக்குதான். மயிலோ முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றி கடலையைக் கிளறிப் போட்டாலும் நிலத்துக்காரர் தாமாகச் சுட முடியாது. வனத்துறையிடம் மனு கொடுத்து இழப்பீடு கேட்கலாம். பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கிக்கு உரிமம், பயிரைத் தின்பதைச் சுடத் தடை. பெரியவருக்கு இது கடைசிவரை புரியவில்லை, புரியாதது அவர் குற்றமும் அல்ல. வெறும் மருந்தைக் கெட்டித்துச் சத்தம் மட்டும் போட்டுப் பார்த்தார். நாலாம் நாள் பன்றிக்கு அதுவும் பழகிவிட்டது.

தேர்தல்தோறும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும். 2019 திருத்தத்தில் உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. அலைச்சல் கொஞ்சம் குறைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பத்தாவது படிக்கும் பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டை வீட்டு மேசையில் வைத்து மறுபடி நிரப்புகிறார். பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதியது, அளந்த மருந்து, பிளாஸ்டிக் அடைப்பு, ரவை, கடைசியில் வாயை மடித்து மூடுகிறார். பெரியவர் இரண்டு தடவை பார்த்தார்.

“நம்ம வேலைதான். நாருக்குப் பதிலா பிளாஸ்டிக்கு.”

“எனக்கும் கெட்டிக்கச் சொல்லிக் குடு தாத்தா.”

அவர் பதில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துப் பரணில் பார்த்தபோது கம்பி இடம் மாறிக் கிடந்தது.

அந்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. குழலை வெந்நீர் விட்டுக் கழுவி, எண்ணெய் போட்டுத் துடைத்து, காலக்கெடு முடிவதற்குள் பேரனையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனார். ஒப்படைத்ததற்கு ரசீது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் பின்னால் துப்பாக்கி எங்கே என்று இவரைத்தான் கேட்பார்கள்.

“உள்ள மருந்து கிருந்து இருக்கா, பெரியவரே?” என்றார் ஏட்டு.

பெரியவர் கம்பியைப் பேரன் கையில் கொடுத்தார். அவன் குழலுக்குள் விட்டான். மேல் கோடு வரை இறங்கியது.