விடுபட்டவை

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மாலை ஆறு மணிக்குக் கிளைகளெல்லாம் அன்றைய கணக்கைச் சேர்ந்தாற்போல் அனுப்பும். அந்த நேரத்தில் மட்டும் பாக்கெட்டுகள் தொலைந்தன. 100 பிங் அனுப்பினால் 93 திரும்பின.

வழியைத்தான் சந்தேகித்தேன். வேலூர் ரோட்டில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். டிசிபிடம்ப்பிலும் எதுவும் தெரியவில்லை. வராதது எப்படித் தெரியும் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஈத்டூல் மூலம் நெட்வொர்க் அட்டையின் கணக்கைப் பார்த்தேன். கெட்டுப்போனவை பூஜ்யம். விடுபட்டவை மட்டும் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் வாசல்வரை வந்துதான் இருக்கின்றன. கர்னல் எடுத்துக்கொள்ளும்வரை வைத்திருக்க அட்டையில் 256 இடம். எடுக்க வேண்டிய ப்ராஸஸருக்கு வேறு வேலை. மிஞ்சியதை அட்டை சத்தமில்லாமல் கீழே போட்டது. போட்டதற்கு அடையாளம் ஒரு எண் கூடுவது மட்டுமே.

அனுப்பியவனுக்கு மௌனம்தான் செய்தி. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி சோதனைச்சாலைக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய வழி 40 பிட்டாகச் சுருங்கியது. பதில் கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை வளர்த்தார்கள். வான் ஜேக்கப்ஸன் 1988இல் எழுதிய கட்டுரையின் சாரம், பதில் வராதபோது அனுப்புபவன் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஒவ்வொரு மௌனத்துக்கும் காத்திருப்பு இரட்டிக்கிறது. லினக்ஸில் வழக்கமாக 15 தடவை. பிறகு தொடர்பு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இது எனக்குப் புதிதல்ல. ஒரு நண்பன் தன் கவிதைகளை அபிப்பிராயம் கேட்டு அனுப்பிவந்தான். முதலில் மாதம் ஒரு கடிதம். அப்புறம் இரண்டு மாதத்துக்கு, நாலு மாதத்துக்கு ஒன்று. நேரில் பார்த்தபோது தபால் சரியில்லை என்றேன். நம்பினான், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டான். பிறகு கடிதம் வரவில்லை. அவன் எழுதுவதை விட்டுவிட்டான் என்று மற்றவர்களிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

256ஐ 4096 ஆக்கினேன். அன்று மாலை அந்த எண் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மேஜை டிராயரைத் திறந்தேன். கடிதங்கள் எல்லாம் இருந்தன, மூன்று உறை பிரிக்காமலே. கடைசி உறையில் கவிதை இல்லை. போன கவிதை கிடைத்ததா என்று ஒரு வரி.

பதில் எழுத உட்கார்ந்தேன். என்னிடம் இருக்கும் விலாசம் ஆறு வருஷப் பழசு.