குருதிப்புனல் பார்த்த பகல்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் நாள், தீபாவளிப் படமாகக் ‘குருதிப்புனல்’ தமிழ்நாட்டில் வெளியாயிற்று. ஏழு நாள் கழித்து, 30 ஆம் நாள் இரவு, வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் படத்தை எவர் நினைத்தார்?

1996 சித்திரையில் ஊர் திரும்பி, மறு வருடந்தான் அதனைப் பார்க்க வாய்த்தது. இரவில் ஊரடங்கு, ஆதலாற் பகற்காட்சி. மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு மேலாக வசனம் கேட்கப் பெரும்பாடு பட்டோம். டொல்பி ஒலியமைப்புக்காகப் பெரிதும் பேசப்பட்ட படம் அதுவென்று பின்னர் அறிந்தபோது சிரிப்பே வந்தது.

கோவிந்த் நிஹலானியின் ‘துரோக்கால்’ என்னும் இந்திப் படத்தின் தழுவலாகிய இதனை பி. சி. ஸ்ரீராம் இயக்கினார். பாடல்களே இல்லை. காவல் அதிகாரி ஆதிநாராயணனாகக் கமல்ஹாசனும், ஆயுதக் குழுத் தலைவன் பத்ரியாக நாசரும் எதிரெதிரே இருந்து பேசும் காட்சிகளே படத்தின் உயிர். பத்ரியின் கூட்டம் ஏன் தோன்றிற்று என்பதைப் படம் ஆராய்வதில்லை. யாழ்ப்பாணத்துப் பார்வையாளனுக்கு அது பெருங்குறைதான். ஆயினும், குடும்பத்துக்கு வந்த அச்சுறுத்தலால் அதிகாரி மனமுடைந்து எதிரிக்கே தகவல் கொடுப்பவராகும் இடத்தில், அறையிலிருந்த எவரும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மட்டும் எழுந்து முற்றத்துக்குச் சென்றார்.

1986 இல் எங்கள் ஒழுங்கை முகப்பு மின்கம்பத்தில் ஒருவரைக் கட்டிச் சுட்டிருந்தனர். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘துரோகி’ என்னும் ஒற்றைச் சொல். அவர் பெரியப்பாவின் பள்ளித் தோழர். முதல் நாட் பின்னேரம் எங்கள் விறாந்தையிலிருந்து தேநீர் குடித்தவர். பெரியப்பா செத்த வீட்டுக்குப் போகவில்லை. எங்களையும் போக விடவில்லை. அவ்வாரம் முழுவதும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கதவடியிற் கதிரை போட்டு இருந்தார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவரைக் கோழையென்று மனத்துள் வைதேன். சில மாதங்கள் முகங்கொடுத்துப் பேசவுமில்லை. பதினொரு வருடம் அதனை நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நானும் எழுந்து முற்றத்துக்குப் போனேன். வேலியடியில் நின்றார்.

“படம் முடிஞ்சுதோ, தம்பி?”

“இன்னும் இல்லைப் பெரியப்பா.”

“அந்த மனிசன்ரை பெடியனுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?”

“ஒண்டும் நடக்கேல்லை” என்றேன். அது பொய். அவர் தலையை அசைத்தார். ஜெனரேட்டரில் எண்ணெய் தீரும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.