மூணு நிமிச இன்ஜின்

மூன்று நிமிடம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்கப் பிடித்ததும் சத்தம் கனத்து, விக்கி, அமந்து போகிறது. கொஞ்சம் ஆறவிட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி பிடிக்கிறது. மறுபடி அமந்து போகிறது. புல்வெட்டும் மெஷினைத் தோளிலிருந்து இறக்கிப் பட்டறை வாசலில் வைக்கிறான் அந்த இளைஞன். முழங்கால் வரை புல்லின் சாறு தெறித்துக் காய்ந்திருக்கிறது.

கார்த்திகை மாதம். மஞ்சளாற்றுப் பக்கத்து மாந்தோப்புகளில் பெய்த மழைக்குப் புல் இடுப்பளவு நிற்கிறது. மாம்பூ எடுப்பதற்குள் தோப்பைச் சுத்தம் செய்தாக வேண்டும். புல்லுக்குள் விரியன் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதே தெரியாது. தேவதானப்பட்டியில் இந்த மாதம் ஒரு மெஷின் நின்றால், அதை எடுத்துக்கொண்டு தோப்பு தோப்பாகக் கூலிக்குப் போகிறவனின் அன்றைய வரும்படியும் நின்றது.

“கார்புரேட்டர் போச்சாண்ணே?”

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். ஸ்பானரையும் தொடவில்லை. கயிற்றை இழுத்து ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, அது சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினும், ஸ்டார்ட் ஆகி நிற்கிற இன்ஜினும் வெவ்வேறு நோய்க்காரர்கள். இரண்டாவதைப் பிடிப்பதுதான் கடினம். அது நின்ற மறுநொடியில் சோதிக்க வேண்டும். ஆறிப்போனால் தடயம் போய்விடும்.

முதலில் டேங்க் மூடி. அதில் காற்றுப் புக நுண்ணிய வழி ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடி, கீழே இறங்க வேண்டிய பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டுகிறார். அப்படியும் அமந்து போகிறது. சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் மேலேயே ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுக்கிறார். நீலப் பொறி, பளிச்சென்று. கரன்ட்டில் குறையில்லை. பிளக்கின் முனை மட்டும் கறுத்து, ஈரமாக, எண்ணெய் பூசிக் கிடக்கிறது. பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பஞ்சை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார், சுத்தம்.

“ஆயில் என்ன ஊத்துற?”

“பைக்குக்கு வாங்குனதுல மிச்சம் இருந்துச்சுண்ணே.”

“அளவு?”

“மூடிக்கணக்குதான்.”

அவர் முகத்தில் கோபமில்லை. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயில் தனியாக நிற்க இதில் இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்தே உள்ளே போய், பிஸ்டனை வழுக்கவிட்டு, எரிந்து வெளியேற வேண்டும். இந்த மெஷினுக்கு 25க்கு 1. லிட்டருக்கு 40 மில்லி, அதுவும் எரிவதற்கென்றே செய்த 2டி ஆயில். வேறு ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் அது முழுக்க எரியாமல் கரியாகப் படியும்.

சைலன்சரைக் கழற்றுகிறார். புகை வெளியேறும் வாயில் காசளவு கம்பிச் சல்லடை. அதில் கண்ணே தெரியவில்லை. தார் ஊற்றியதுபோல அடைத்திருக்கிறது. எரிந்த புகை வெளியேறாமல் சிலிண்டருக்குள் தங்க, புதுக் கலவைக்கு இடமில்லை. மெதுவாக ஓடும்போது மிச்சமிருந்த ஊசித்துளை போதுமானதாக இருந்திருக்கிறது.

“அதைத் தூக்கிப் போட்டுருங்கண்ணே. சல்லடை இல்லாமலே ஓடுதாம்ல.”

“ஓடும். பங்குனியில நீ எங்கிட்டு வெட்டப் போவ?”

“மலையடிவாரத்துக்குத்தான்.”

“அப்பத் தீப்பொறிய எது பிடிக்கும்?”

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. கனன்ற கரித்துகள் வெளியே தெறிக்காமல் தடுப்பதுதான் அந்தச் சல்லடையின் வேலை. 2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் எத்தனை வேகமாகப் பற்றும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். காசளவு கம்பி வலைக்காக ஒரு மெக்கானிக் வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேசுவதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

கேஸ் டார்ச்சில் சல்லடை சிவக்கிறது. கரி சாம்பலாகி உதிர, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பிறகு பிஸ்டனை மேலே நிறுத்திப் புகைவாயை மறைத்துக்கொண்டு, மூங்கில் சிம்பால் அங்கே படிந்த கரியைச் சுரண்டுகிறார். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழுந்துவிடும். டேங்கில் இருந்த பழைய கலவையை வடித்துவிட்டு, அளவுக் குப்பியை அவன் கையிலேயே கொடுத்துப் புதிதாகக் கலக்கச் சொல்கிறார்.

பக்கத்துக் காலி மனையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆக்ஸிலேட்டர் முழுக்க. சத்தம் ஒரே சீராக, ரோட்டில் போகும் குமுளி பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலேயும் கேட்கிறது.

“சரியாப் போச்சுண்ணே. எவ்வளவு?”

“முன்னாடியும்தான் மூணு நிமிசம் ஓடுச்சு. காசு எங்கிட்டும் போயிராது. டேங்க் தீருற வரைக்கும் வெட்டு.”

அவன் போனை எடுத்துத் தோப்புக்காரரைக் கூப்பிடுகிறான். “மத்தியானத்துக்கு மேல வந்துர்றேன்யா. மெஷினு ஓடிக்கிட்டு இருக்கு.”