மூன்றாமவர் தெரு

ஆலங்குளத்திலிருந்து மதுரைக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. சிவகாசி, விருதுநகர் வழியாகச் செல்லலாம், திருவில்லிபுத்தூர், டி. கல்லுப்பட்டி வழியாகவும் செல்லலாம். இரண்டும் திருமங்கலத்தில் கூடுகின்றன. எவ்வழி நல்லது என்று முன்பெல்லாம் பேருந்து ஓட்டுநரையோ தேநீர்க் கடைக்காரரையோ கேட்டோம். இன்று கைப்பேசியைக் கேட்கிறோம். அது எங்ஙனம் விடை கூறுகிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை குறித்து, மொத்த விலை குறைந்த பாதையைக் காணும் முறையை நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார். இன்றைய வழிகாட்டிச் செயலிகள் இம்முறையின் வழிவந்தவையே. அவற்றில் விலை என்பது பெரும்பாலும் நேரம். சாலையில் செல்வோரின் கைப்பேசிகள் நகரும் வேகத்தைக்கொண்டு நெரிசலைக் கணிக்கின்றன. வேகம் குறைந்தால் அச்சாலையின் விலை ஏறுகிறது. நம் விருப்பத்துக்கும் அங்கே இடமுண்டு. சுங்கச்சாவடி வேண்டாம், நெடுஞ்சாலை வேண்டாம் என்று குறித்துவைத்தால், இயன்றவரை அவற்றை ஒதுக்கியே வழி சொல்லும்.

ஆக, தராசின் ஒரு தட்டில் நம் விருப்பம். மறு தட்டில் நம் நேரம். மூன்றாமவருக்கு அத்தராசில் இடம் ஏது?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசு வாங்குவோரின் வாகனங்கள் சிவகாசியில் நிறைந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில், நகரை நெருங்குகையில், செயலி நம்மைச் சிற்றூர்த் தெரு ஒன்றினுள் திருப்பிற்று. பத்து நிமிடம் மிச்சமாகும் என்றது. வாசலில் அமர்ந்து காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்து, விளையாடிய பிள்ளைகளைத் திண்ணைக்கு இழுத்துக்கொண்டனர். நமக்குப் பின்னே மேலும் நான்கு வண்டிகள். செயலியின் கணக்கில் அது வெறுமையான தெரு; அவர்களுக்கோ அதுவே முற்றம்.

இஃது இவ்வூருக்கு மட்டும் நேர்வதன்று. நியூயார்க்குக்குச் செல்லும் பாலத்தருகே உள்ள லியோனியா என்னும் அமெரிக்கச் சிற்றூர், செயலிகள் திருப்பிவிட்ட வாகனங்களைத் தாங்கமாட்டாமல், 2018 சனவரியில் நெரிசல் நேரங்களில் தன் தெருக்கள் பலவற்றை வெளியூரார்க்கு மூடியது. ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியை நாடுவதும், அனைவரின் சராசரி நேரம் குறைவதும் வெவ்வேறு நிலைகள் என்று வார்ட்ராப் 1952-இலேயே பிரித்துக் காட்டினார். புதிய சாலை ஒன்றே அனைவரையும் தாமதப்படுத்தக்கூடும் என்று 1968-இல் பிரேஸ் கணித்துக் காட்டினார்.

நம் ஊர்ப் பேருந்தோ தன் தடத்தை எளிதில் விடுவதில்லை. நிறுத்தத்தில் நிற்பவருக்காக நெரிசலையும் பொறுத்துக்கொண்டு வருகிறது.

செயலியும் பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகளை நேரத்தோடு காட்டி, தேர்வை நம்மிடமே விட்டுவிடுகிறது. அத்தெருவுக்குரிய விலையை நாமே சேர்த்துக் கணக்கிடலாம். வேறுபாடு பத்து நிமிடமே எனில், இப்போதெல்லாம் பெருஞ்சாலையிலேயே காத்திருக்கிறோம். அந்நேரத்தில் எங்கோ ஒரு தெருவில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.